நண்டுக்கு எத்தனை உயிர்

என் பெண்டாட்டி பாமா பூதம் வளர்க்கிறா. சிரிக்காதீங்க. வாரம் பூரா அவ பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனா விஷ்ராந்த்வாடியில எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜை காடாயிடும், குகையாயிடும். மூணு பேர் வந்து உக்காருவாங்க, ஆளுக்கொரு வீரன் வேஷம், அதுக்கு மேஜை மேல ஒரு சின்ன பொம்மை. கதை சொல்றது, எதிர்ல வர்ற பூதத்தை ஆட்டி வைக்கிறது எல்லாம் பாமா. அடி பட்டுதா படலையான்னு டைஸ் சொல்லும். விஸ்வேஸ்வரன்கிற நான் அந்த மேஜைக்கு டீ போடறவன்.

பூதம் பண்றதுல என்ன பெரிய வித்தைன்னு ஒரு நாள் வாயை விட்டேன். பிடிச்சுக்கிட்டா. பூதம் சோப்ளாங்கியா இருந்தா ஆட்டம் சப்புனு போயிடுமாம். பலம் ஜாஸ்தியானா அது ஆட்டமே இல்ல, கொலை. ஒத்தைப் பூதமா விட்டா, அது ஒரு அடி அடிக்கறதுக்குள்ள எதிர்ல மூணு பேரும் மூணு அடி போட்டுடுவாங்க, அதனால துணைக்குக் குட்டிங்க வேணும். ஒளிய ஒரு பாறை, ஓட ஒரு வழி வேணும். எல்லாத்தையும் விட முக்கியம், எவ்வளவு அடி வாங்கினா பூதம் சாகும்கிற கணக்கு. அதுக்கு அவ வெச்ச பேரு உயிர். அந்த நம்பர் மட்டும் ஒரு அட்டைக்குப் பின்னால அவளுக்கு மட்டும் தெரிய இருக்கும். மத்தபடி டைஸ் எல்லார் கண்ணு முன்னாடியும்தான் உருளும்.

இவ்வளவு கணக்கு தெரிஞ்சவளுக்கு ஹிந்தியில ரெண்டே ரெண்டு வார்த்தை மண்டையில ஏறவே இல்ல. தஞ்சாவூர்லேர்ந்து இந்த மராட்டி ஊருக்கு வாழ வந்து இருபது வருஷம் ஆச்சு, ஆட்டோக்காரனை ஹிந்தியில உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா. ஆனா டேட்னா ஒன்றரை, டாயின்னா ரெண்டரை, இது மட்டும் தகராறு. ஒன்றரைக் கிலோ பாவக்காய் வாங்கப் போய் டாயி கிலோ கேட்டு வாங்கிட்டு வந்தா. வாரம் பூரா எனக்குப் பாவக்காய்தான், வேற நாதி இல்ல.

அந்த மூணு பேர்ல ரெண்டு பேர் ஸ்டீபன், சலீம். மூணாவது லீலா. ஹடப்சர்ல கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவ அம்மா பவுன், கொரோனா நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போனவங்க திரும்பி வரல. உள்ள யாரையும் விடல, முகம் பாக்கக்கூட முடியல. லீலா ஆட்டத்துல எடுத்த வேஷத்துக்கும் பவுன்னுதான் பேரு. கோடாலி தூக்கிக்கிட்டு ராஜாவையே வாடா போடான்னு பேசற பவுன். முதல் நாளே பாமாகிட்ட சொல்லிட்டா, "எங்கம்மா பேருன்னு பாவம் பாத்துக் காப்பாத்தினீங்கன்னா, அன்னிக்கே எந்திரிச்சுப் போயிடுவேங்க்கா." எங்க மேஜையில செத்தா செத்ததுதான். மூணு வருஷமா பவுன் நியாயமாத்தான் பொழைச்சா.

போன வாரம் வந்தது கிணத்து நண்டு. பாமா எந்தப் பூதத்தையும் நேரா இங்க இறக்க மாட்டா. போசரியில பட்டறை வேலை பாக்கற கேஷவ்னு ஒரு மராட்டிக்காரர், அவர் வீட்லயும் இதே ஆட்டம் உண்டு. முதல்ல அங்க ஒத்திகை. ஆடிப் பாத்துட்டு எவ்வளவு உயிர் வெச்சா சரியா இருக்கும்னு ஹிந்தியில பேசி போன்ல அனுப்புவார். அதைக் கேட்டுத்தான் பாமா அட்டைக்குப் பின்னால எழுதுவா.

ஆட்டம் ஆரம்பிச்சுது. குட்டி நண்டெல்லாம் சீக்கிரம் செத்துது. பெரிசு மட்டும் அடி மேல அடி வாங்கிக்கிட்டு அப்படியே நிக்குது. ஸ்டீபனோட வில்லாளி விழுந்தான். சலீமோட மந்திரவாதிகிட்ட மந்திரம் தீந்து போச்சு. ஓடிடலாம்னு சலீம் சொல்றான். விழுந்து கிடக்கறவனை விட்டுட்டு பவுன் வரமாட்டான்னு லீலா சொல்லிட்டா. டீ குடுக்க வந்த நான் தட்டோட அங்கயே நின்னுட்டேன். வெறும் பொம்மை விளையாட்டு, எனக்கு ஏன்யா பதறணும்? பாமா நண்டுக்காக டைஸ் உருட்டினா. இருபது விழுந்துது. அதுக்கு மேல அந்த டைஸ்ல நம்பரே கிடையாது. பவுன் போயிட்டா.

லீலா பவுனோட சின்ன பொம்மையைப் படுக்க வெச்சா, தன் டைஸை ஒண்ணொண்ணா பைக்குள்ள போட்டா. நல்ல சண்டை அக்கான்னு சொன்னா. அந்தக் குரலை என்னால கேக்க முடியல.

பாமாவுக்கு மட்டும் முகம் சரியில்ல. இவ்வளவு நேரம் இழுக்கக்கூடாதேன்னு முணுமுணுத்துக்கிட்டே அடுப்பங்கரைக்கு வந்து கேஷவ் அனுப்பினதைக் காதுல வெச்சுக் கேட்டா. பக்கத்துல நின்ன எனக்கும் கேட்டுது. "டேட் சௌ ரக்னா தீதி, உஸ்ஸே ஜ்யாதா நஹீ." ஒன்றரை நூறு, அதாவது நூத்தம்பது வெய்யுங்க, அதுக்கு மேல வேண்டாம். அட்டைக்குப் பின்னால இவ எழுதி வெச்சிருந்தது இருநூத்தம்பது.

பாவக்காய்! வாய் வரைக்கும் வந்துது, அவ மூஞ்சியைப் பாத்து முழுங்கிட்டேன். நண்டு நூத்தம்பதைத் தாண்டி ரெண்டு சுத்து ஆயிருந்துது. பவுனை அடிச்சப்போ அது உயிரோடவே இருந்திருக்கக்கூடாது. இப்ப போய்ச் சொன்னா நம்புவாளாங்க, பாவம் பாத்துப் பொய் சொல்றேன்னுதானே நினைப்பான்னு பாமா கேட்டா. அப்புறம் இந்த வாசப்படி மிதிக்கவே மாட்டாளேன்னா. லீலா செருப்பு மாட்டற சத்தம் கேட்டுது. பாமா ஓடினா.

நம்பர் தப்பு, பவுன் சாகலைடீன்னு சொன்னதும் லீலா முகம் கல்லாயிடுச்சு. "வேண்டாங்க்கா. இதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன்." பாமா போனை மேஜை மேல வெச்சு, சத்தமா வெச்சு, கேஷவைப் பேச விட்டா. அட்டையைத் திருப்பி எழுதினதைக் காட்டினா. டேட் எது டாயி எதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுடீன்னு சொல்றப்போ அழுதுட்டா. ஆமாம்மா, நான்தான் சாட்சின்னு பாவக்காய்க் கதையை அவிழ்த்து விட்டேன். ஸ்டீபன் சிரிச்சான். லீலா சிரிக்கல.

இன்னொரு தடவை போடுங்கன்னா. போட்டோம். கேட்டுட்டு ஒத்தைக்கால் செருப்போட அப்படியே நாற்காலியில உக்காந்தா.

"அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல ராத்திரி பூரா நின்னேங்க்கா. யாராவது கதவைத் திறந்துக்கிட்டு வந்து, தப்பா எழுதிட்டோம்மா, உங்கம்மா இருக்காங்கன்னு சொல்லிட மாட்டாங்களான்னு. யாருமே வரல."

பாமா அவ தலையில கை வெச்சா. லீலா கொஞ்ச நேரம் அழுதுட்டு, மூக்கைத் துடைச்சுக்கிட்டு, படுக்க வெச்சிருந்த பவுனை எடுத்து மேஜையில நிக்க வெச்சா. நான் ஆறிப்போன டீயைச் சூடு பண்ணப் போனேன்.