சம்பளத்துக்குப் பந்தாடியவன்

அவனுடைய கால் அளவுக்கு ஆம்பூரில் காலணி கிடைக்கவில்லை. வெளிநாட்டுக்குப் பெட்டி பெட்டியாகக் காலணி அனுப்பும் ஊரில் இது வேடிக்கைதான். எழுபதுகளின் கடைசியில், கல்லூரி அணிக்காக அவன் ஆடத் தொடங்கியபோது, கடைகளில் பன்னிரண்டாம் அளவு கேட்டால் யானைக்கா என்று கேட்பார்களாம். கடைசியில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர், ஏற்றுமதியில் கழித்துப் போட்ட தோலை வைத்து ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். அடியில் டயர் ரப்பர். ஒரு கால் கறுப்பு, இன்னொரு கால் பழுப்பு. அதைப் போட்டுக்கொண்டு அவன் மைதானத்தில் இறங்கியதை முதன்முதலில் பார்த்தபோது, இது எந்த விதிக்கு முரணானது என்றுதான் நான் யோசித்தேன். எந்த விதிக்கும் முரணில்லை. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

நான் அப்போது வேலூரில் அரசாங்கக் கருவூலத்தில் கண்காணிப்பாளர். மாலை நேரங்களில் எங்கள் வட்டாரக் கூடைப்பந்துக் கழகத்தின் கௌரவச் செயலாளர். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. பந்தை வளையத்துக்குள் போட எனக்கு வராது. ஆட்டக்காரர்களைப் படிவத்துக்குள் போட நன்றாக வரும். வயதுச் சான்று, தகுதிச் சான்று, ரயில் கட்டணச் சலுகைக் கடிதம் என்று அவனுக்கு வேண்டிய காகிதங்கள் எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போயின. வந்தால் உட்கார மாட்டான். அறைக்குள் நடந்துகொண்டே இருப்பான். போகும்போதும் வரும்போதும் நிலைப்படியின் மேல்கட்டையை விரலால் தட்டுவான். “ஒட்டடை அடிக்க ஆள் வந்தாச்சு சார்” என்பார் என் எழுத்தர்.

அவனுடைய அப்பாவை அவன் நைனா என்று கூப்பிடுவான். அவர் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோல் புரட்டுகிறவர். கால் நகங்கள் வெந்து போயிருக்கும். ஆட்டங்கள் மாலை நான்கு மணிக்குத் தொடங்கும், அவருடைய வேலை ஆறு மணிக்கு முடியும். ஆகவே மகன் ஆடி அவர் பார்த்ததே இல்லை. மகனுக்கு ஒரே ஒரு வைராக்கியம். “அந்த ஷாப் கேட்டுக்குள்ள மட்டும் என்னைப் போக வெச்சிடாதீங்க சார். வேற எங்க அனுப்பினாலும் போறேன்” என்பான், ஏதோ நான்தான் உலகத்தின் வாயிற்காவலன் என்பதுபோல.

அனுப்பும் வாய்ப்பு எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தது. தோல் வாங்க வந்த இத்தாலிக்காரர் ஒருவரைப் பொழுதுபோக்காக ஒரு ஆட்டத்துக்கு அழைத்து வந்தார்கள். அவருடைய ஊரும் தோல் ஊர்தான். அங்கே ஒரு கூடைப்பந்து கிளப்பும் இருந்தது, அதை நடத்தியவர்களும் தோல் முதலாளிகள்தான். இரண்டு மாதத்தில் அவனுக்கு அழைப்பு வந்துவிட்டது. இங்குள்ள கழகம் விடுவிப்புக் கடிதம் கொடுத்தால் போதும்.

இங்கேதான் என் புத்திசாலித்தனம் வேலை செய்தது. ஆட்டத்துக்குப் பணம் வாங்குகிறவன் தொழில்முறை ஆட்டக்காரன். அவன் திரும்பி வந்து இங்கே எந்தப் போட்டியிலும் இறங்க முடியாது. மாநில அணி போய்விடும், விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கக்கூடிய வேலையும் போய்விடும். எனவே அவன் பணம் வாங்காமல் ஆடும் அமெச்சூர் என்றும், தோல் தொழிலில் பயிற்சி பெறச் செல்கிறான் என்றும், ஓய்வு நேரத்தில் பந்தாடுவான் என்றும் எழுதினேன். எந்தத் தணிக்கையிலும் நிற்கும் கடிதம். நானே இரண்டு முறை படித்து ரசித்தேன்.

இத்தாலியில் அதை அப்படியே நம்பிவிட்டார்கள். அல்லது நம்புவது லாபம் என்று கண்டுகொண்டார்கள். மூன்றாம் மாதம் அவனிடமிருந்து கடிதம் வந்தது. “சார், இவ்ளோ தூரம் வந்து இறங்கினா இங்கயும் அதே நாத்தம். காலைல தொட்டி, சாயந்திரம் பந்து. பயிற்சி ஆளுக்கு இன்னா கூலியோ அதான் எனக்கும். நைனா நிக்கிற எடத்துலதான் நிக்கிறேன். ஜன்னல் மட்டும் ஜாஸ்தி.”

ஒரு பருவம் ஆடி முடித்து விடுமுறைக்கு வந்தவன் நேராக என் அலுவலகத்துக்கு வந்தான். அன்றைக்கு மேல்கட்டையைத் தட்டவில்லை.

“பேப்பரை மாத்திக் குடுங்க சார்.”

“மாத்தலாம். தொழில்முறைன்னு எழுதிட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் இங்க ஆட முடியாது. தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“முட்டி போச்சுன்னா? திரும்பி வந்து இன்னா பண்ணுவ?”

“போனா போவுது சார். தொட்டியில நின்னா மட்டும் காலு நல்லா இருக்குமா?” கொஞ்ச நேரம் நடந்தான். பிறகு நின்று, “நீங்க எழுதுன பேப்பர் ரொம்ப நல்லா இருக்குது சார். அதுல நான்தான் இல்ல” என்றான்.

புதுக் கடிதம் எழுதப் பத்து நிமிட வேலை. நான் பத்து நாள் எடுத்துக்கொண்டேன். கோப்பு சுற்றுகிறது என்று சொன்னேன். கோப்பு எங்கும் சுற்றவில்லை; என் இழுப்பறையில் இருந்தது. என் கடிதத்தை அவன் வேண்டாம் என்றது எனக்குப் பொறுக்கவில்லை என்பதை அப்போது நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

அதன்பிறகு அவன் சம்பளத்துக்கு ஆடினான். பெரிய நட்சத்திரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வரிசை அணிகள், சின்ன ஊர்கள். எந்த ஊரிலும் இரண்டு பருவத்துக்கு மேல் தங்கவில்லை. ஆனாலும் மாதம் பிறந்தால் பந்தாடியதற்குக் கூலி. எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்து அதுவரை யாருக்கும் நடக்காதது. அங்குள்ள பத்திரிகை ஒன்றிலிருந்து ஒரு படத்தை வெட்டி அனுப்பியிருந்தான். அவன் அந்தரத்தில் நிற்கிறான், கீழே நான்கு வெள்ளைக்காரர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். படத்துக்கு அடியில் அச்சிட்டிருந்தது எனக்குப் புரியவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம் ஆம்பூரில் கோடைக்காலப் போட்டி நடந்தது. விடுமுறைக்கு வந்திருந்தவனைத் தோல் தொழிலாளர் அணியினர் தங்கள் பனியனைப் போட்டு இறக்கிவிட்டார்கள். எனக்கு விதி நினைவிருந்தது. பார்க்காதவன்போல மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அவனுடைய நைனா அரைநாள் விடுப்பு எடுத்து வந்திருந்தார். வெளுத்த சட்டை. நாற்காலி போட்டும் உட்காராமல் கம்பத்தோரம் நின்றார்.

ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது, எதிரணியான ராணிப்பேட்டை அணியின் தலைவர் மேஜைக்கு வந்தார். “இன்னா சார், ஃபாரின்ல சம்பளம் வாங்குற ஆளை எங்க மேல ஏவி விடுறீங்க. நாங்க பொழைக்க வாணாமா?” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் எழுந்து மைதானத்துக்குள் போனேன்.

நீ ஆட முடியாது என்று அவனிடம் சொன்னேன். அவன் வாதாடவில்லை. கம்பத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, “பத்து நிமிஷம் மட்டும் சார். நைனா வந்திருக்காரு” என்றான்.

“ரூல் தெரியுமில்ல?”

“நீங்க சொன்னா சரி சார்.”

பனியனைக் கழற்றி இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு நடந்தான். அவனுடைய நைனா வேகமாக என்னிடம் வந்தார். “பையன் எதுனா தப்பு பண்ணிட்டானா சார்?”

“தப்பு ஒண்ணுமில்லீங்க. ரூலு.”

“ரூல்னா சரிதான் சார்” என்றார். வாழ்நாள் முழுவதும் கேட்டுப் பழகிய வார்த்தை. பிறகு அப்பாவும் மகனும் கம்பத்தோரம் நின்று மற்றவர்கள் ஆடுவதைக் கடைசி வரை பார்த்தார்கள். எங்கிருந்து பந்து போட்டால் எத்தனை புள்ளி என்று மகன் சொல்லிக்கொண்டிருந்தான், அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சில ஆண்டுகளில் அமெச்சூர், தொழில்முறை என்ற பாகுபாட்டையே எடுத்துவிட்டார்கள். ஒரே பக்கச் சுற்றறிக்கை. அதற்கு முந்தைய வருடம்தான் அவனுடைய நைனா இறந்துபோயிருந்தார். சுற்றறிக்கையின் நகல் ஒன்றை இத்தாலிக்கு அனுப்பினேன். “ரொம்ப சந்தோஷம் சார்” என்று மட்டும் பதில் வந்தது.

இப்போது அவன் அங்கேயே குடியிருக்கிறான், பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித் தருகிறான். நான் ஓய்வுபெற்று, தெருவில் உள்ளவர்களுக்கு ஓய்வூதியத் தடைகளைத் தீர்த்து வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான். ஒரு நாட்டில் அவன் முட்டி, இன்னொரு நாட்டில் என் முட்டி. பேச நிறைய இருக்கிறது. போன வாரம் அந்த ஆம்பூர் ஆட்டத்தைப் பற்றி அவனாகவே எடுத்தான். “அன்னிக்கு நீங்க ரூல்படிதான சார் செஞ்சீங்க. அதுல எனக்கு வருத்தமே இல்ல” என்றான்.

ஆட்சேபம் எழுத்துமூலம், அணித்தலைவரின் கையெழுத்தோடு வர வேண்டும். வாயால் சொல்வது செல்லாது. ராணிப்பேட்டைக்காரர் ஒரு துண்டுச்சீட்டுகூடத் தரவில்லை. எழுதிக் கொடுங்கள் என்று நான் கேட்டிருந்தால், அவர் பேனா தேடுவதற்குள் ஆட்டம் தொடங்கியிருக்கும். பிறகு விசாரணை, தீர்ப்பு, அபராதம் எல்லாம் மறுநாள் பாடு. இது எனக்கு அன்றைக்கே தெரியும். விதிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுகூடத் தெரியும்.

“ஆமாம்ப்பா, ரூல்படிதான்” என்றேன்.