கேள்வித்துரைக்குப் பதில் சொன்னவள்

இறாலின் தலையைக் கிள்ளி எறிந்துகொண்டேதான் குப்பம்மா பேசுவாள். கண் கூடையில் இருக்காது, எதிரே நிற்கிறவர் முகத்தில் இருக்கும். விரல்கள் பாட்டுக்கு வேலையைச் செய்யும். கோட்டைத் துறைப் படிக்கட்டில் மூன்றாவது படி அவளுடையது. முதல் படியில் உட்கார்ந்தால் தண்ணீர் தொட்டுவிடுமாம், ஐந்தாவது படிக்குப் போனால் சிப்பாய் தொட்டுவிடுவானாம். "ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் வேணுமில்ல ஐயா" என்பாள்.

ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பசியாவரத்திலிருந்து காலையில் தோணியில் வருவாள். வயது நாற்பது இருக்கும். இடது காதில் மட்டும் தோடு. வலது காதுத் தோட்டை ஏரி வாங்கிக்கொண்டு ஆறு வருஷம் ஆயிற்று. மிச்சமிருப்பதையும் கழற்றி வைத்துவிடேன் என்று ஒரு தரம் சொன்னேன். "கழட்டிட்டா ரெண்டும் போன மாரி ஆயிடும். இப்ப ஒண்ணுதானே போயிருக்கு" என்றாள்.

அவளிடம் நண்டு இருக்கிறதா என்று கேட்டால் "யாருக்கு" என்பாள். எனக்குத்தான் என்றால் "இன்னாத்துக்கு" என்பாள். யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் அவள் வாயிலிருந்து ஒரு பதில் வாங்க முடியாது. ஒரு நாள் எரிச்சலில் கத்தியே விட்டேன். அவள் அசரவில்லை. "வயித்தால போற புள்ளைக்குன்னா வேணாம்பேன். புள்ள பெத்தவளுக்குன்னா பெருசாப் பாத்துக் குடுப்பேன். சும்மா நண்டு கீதான்னா இன்னா சொல்றது?" என்றாள்.

நான் இந்தக் கோட்டையில் துபாசி. ஒல்லாந்தர் பேச்சைத் தமிழிலும் தமிழர் பேச்சை ஒல்லாந்திலும் சொல்வது என் பிழைப்பு. நடுவில் இங்கிலீஷ்காரர்கள் கோட்டையைப் பிடித்து நாலு வருஷம் வைத்திருந்தார்கள். அவர்களுக்கும் இதையேதான் செய்தேன். எவர் பேச்சும் என் பேச்சில்லை, ஆகையால் எனக்குப் படுத்தால் தூக்கம் வந்துவிடும். போன பங்குனி வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

தை மாதத்தில் கொர்னேலிஸ் துரை கப்பலிலிருந்து இறங்கினார். வியாபாரி இல்லை, படைக்காரர் இல்லை, பாதிரியும் இல்லை. ஜெர்மானியச் சீமையில் தத்துவம் படித்தவர். அங்கே இப்போது ஒரு புதுப் படிப்பு கிளம்பியிருக்கிறதாம். அரசனையும் வேதத்தையும்கூட விசாரணைக்கு நிறுத்த வேண்டும், விசாரித்துப் பார்க்காமல் எதையும் ஏற்கக்கூடாது என்பது அதன் சாரம். மனிதர்கள் ஏன் ஒருவர் சொல்லுக்கு ஒருவர் அடங்கிப் போகிறார்கள், அடங்குகிறவன் அதைத் தன் சொந்த ஆசை என்று எப்படி நினைத்துக்கொள்கிறான் என்பதெல்லாம் அவர் பேசுவார். ஊர் வழக்கம் என்பது மனிதன் தானே செய்து தானே மாட்டிக்கொண்ட விலங்கு என்பார். கேட்கக் கேட்க எனக்குச் சிலிர்த்தது. இருபத்தைந்து வருஷமாக மிளகு, துணி, சுங்கம் என்று மொழிபெயர்த்து அலுத்த நாக்கு இது. அதில் இப்படியொரு பேச்சு ஏறினால் வேறென்ன செய்யும்?

நம் ஜனங்களின் நடை, உறவு, கட்டுப்பாடு எல்லாவற்றையும் விசாரித்து ஒரு புத்தகம் எழுதவே அவர் வந்திருந்தார். பெரிய மனிதர்களைக் கேட்டால் பெருமை பேசுவார்கள் என்று துறைக்கு வந்தார். என் மூலம் அவர் குப்பம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, உங்கள் ஊரில் யார் சொல்லை எல்லோரும் கேட்பீர்கள் என்பது.

"யாரு கேக்கறது? இன்னாத்துக்கு?" என்றாள் குப்பம்மா.

நான் தயங்கிக்கொண்டே அதை ஒல்லாந்தில் சொன்னேன். துரையின் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தப் பெண் பிறவித் தத்துவவாதி" என்றார். மறுநாளிலிருந்து நாலாவது படியில் அவருக்கு ஒரு முக்காலி வந்தது. பசியாவரத்தார் அவருக்குக் கேள்வித்துரை என்று பெயர் வைத்தார்கள்.

குப்பம்மா அவருக்கு வாரி வழங்கினாள். அமாவாசையன்று நண்டிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கால் உடைப்போம் என்றாள். புதுத் தோணிக்குக் காது குத்திப் பெயர் வைப்போம் என்றாள். எல்லாம் பச்சைப் பொய். துரை குனிந்து எழுதினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மொழிபெயர்த்தேன். அவர் போன பிறகு, ஏனம்மா இப்படி என்று கேட்டேன். "பாவம் ஐயா, எம்மாந்தூரம் வந்துகீறாரு. வெறுங்கையோட அனுப்பறதா?" என்றாள்.

ஒரு நாள் துரை உற்சாகமாகத் தன் படிப்பை அவளுக்கே விளக்கினார். ராஜாவையும் விசாரிக்கலாம், சாமியையும் விசாரிக்கலாம் என்று நான் தமிழில் சொல்லி முடித்தேன். குப்பம்மா ஒரு இறாலைக் கிள்ளிப் போட்டாள். "அப்ப தொரைய யாரு விசாரிப்பா?" என்றாள். துரை வயிறு குலுங்கச் சிரித்தார், அதையும் எழுதிக்கொண்டார். மீனவப் பெண்களின் வேடிக்கைப் பேச்சு என்று தலைப்பிட்ட பக்கத்தில் எழுதிக்கொண்டார். நான் பார்த்தேன்.

இனி நான் சொல்லப் போவதைச் சொல்லக் கூசுகிறது.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில்தான் நல்ல மீன் உண்டு. அங்கே வலை கட்டப் பசியாவரத்தார் முறை வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் அம்மன் கோயில் முன்னால் ஓலை நறுக்குகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். இன்ன நாள் இன்னாருக்கு என்று வரிசை விழும். அன்றைக்கு யார் முறையோ, அந்தத் தண்ணீரையே அவன் பெயரால் சொல்வார்கள். துளசிங்கத்தின் முறை என்றால் அது துளசிங்கம் தண்ணி. அன்றைக்கு மாற்றிச் சொன்னால் வலை வெறுமனே வரும் என்று நம்பிக்கை. விடிந்தால் வேறு பெயர்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. துரை முகத்துவாரத்தைக் கைகாட்டி, அந்தத் தண்ணீர் யாருடையது என்று கேட்டார். அன்று குப்பம்மாவின் புருஷனுக்கு முறை. கூடை வழியப் போகிற சந்தோஷம் அவள் முகத்தில் அப்பிக் கிடந்தது. அன்றைக்கு மட்டும் அவள் யார் கேட்கிறது, எதற்கு என்று கேட்கவில்லை.

"எங்க வூட்டாருது" என்றாள்.

புருஷன் பெயரை அவள் வாயால் சொல்லமாட்டாள். துரை பேனாவோடு என்னைப் பார்த்தார். சுப்பராயலு என்று நான் சொன்னேன். எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன். முறை வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். வெயில் ஏறிவிட்டது, பசி. புத்தகத்தில் எழுதுகிற சங்கதிதானே என்று விட்டுவிட்டேன்.

பங்குனி முதல் வாரம் கோட்டையிலிருந்து ஓர் உத்தரவு தமிழில் பெயர்க்க வந்தது. படித்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முகத்துவாரத் தண்ணீர் பசியாவரம் சுப்பராயலுவுக்குப் பரம்பரைச் சொத்து. ஊரார் குடத்தைக் குலுக்கி அவன் உரிமையைப் பறித்துவந்த மூடவழக்கம் இத்தோடு ஒழிந்தது. அவன் சம்மதமின்றி ஒருவரும் அங்கே இறங்கக் கூடாது. மூன்று மாதம் தற்காலிகம், பிறகு நிரந்தரம். ஓடிப் போய்த் துரையைக் கேட்டேன். விருந்தில் ஓர் அதிகாரியிடம் தன் குறிப்புகளைக் காட்டினாராம். "ஒரு மனிதனின் விலங்கையாவது உடைத்தேன்" என்றார். நல்ல மனிதர். அதுதான் தொல்லை.

தமுக்கு அடித்து அதை வாசித்தவனும் நானே. பசியாவரத்தார் முதலில் சிரித்தார்கள். கேள்வித்துரை ஏதோ தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தார்கள். நான் இரண்டாம் தரம் வாசித்தபோது சிரிப்பு நின்றது. எல்லோர் முகமும் குப்பம்மா பக்கம் திரும்பியது. அவள் என்னையே பார்த்தாள்.

மூன்றாம் நாள் எல்லைக்கு முளை அடிக்கச் சேவகர்களோடு என்னை அனுப்பினார்கள். சுப்பராயலு அதிர்ந்து பேசாத ஆள். தோணியில் எப்போதும் ஓரமாக உட்காருகிறவன். அன்று நடுப்பலகையில் உட்கார்ந்திருந்தான். உத்தரவின் நகல் இடுப்பில் செருகியிருந்தது. அவனுக்கு ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. முறைப்படி அன்று துளசிங்கத்தின் தண்ணி. துளசிங்கம் வலையைத் தோளில் போட்டபடி கரையில் நின்றான், இறங்கவில்லை.

நாகம்மாள் என்று ஒருத்தி. வலையில்லாதவள். வலைகளைத் தூக்கிய பிறகு ஓரச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பவள். அவளைப் போன்றவர்களை யாரும் எந்தக் காலத்திலும் தடுத்ததில்லை. அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள்.

"யாரக் கேட்டு எறங்குன?" என்றான் சுப்பராயலு.

நாகம்மாளுக்குப் புரியவில்லை. "யாரக் கேக்கணும் நைனா? நாங்க யாரையும் கேட்டதில்லியே" என்றாள்.

"இனிமே கேக்கணும். ஏறு."

கோட்டையின் சேவகன் ஒருவனிடம்கூட நான் அப்படியொரு குரலைக் கேட்டதில்லை. நாகம்மாள் ஈரத்தோடு கரையேறினாள். குப்பம்மா கரையில் நின்று பார்த்தாள். அவளைப் பார்த்து அவன் கொஞ்சம் இறங்கிய குரலில், "நீ எறங்கிக்க. ஒனக்கு இன்னா" என்றான்.

அவள் இறங்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள். "பொய் சொல்றாருன்னா சண்ட போடலாம் ஐயா. நெஜமாவே நம்பறாரு. மூணே நாள்ல நம்பிட்டாரு" என்றாள். அப்புறம், "நூறு பொய் சொன்னேன் அந்தத் தொரைக்கு. ஒண்ணும் ஆவல. ஒரே ஒரு நெஜத்தச் சொன்னேன், குடி முழுகிப் போச்சு" என்றாள். கூடை இல்லாமல் அவளை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் அவளே துரையின் வீட்டுக்கு வந்தாள். கூட நானும் போனேன். வாசலுக்கு வெளியே துளசிங்கமும் நாகம்மாளும் இன்னும் பத்துப் பேரும் வெயிலில் நின்றார்கள். துரை நாற்காலி போடச் சொன்னார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"அந்த வரிய அடிச்சிடு தொரெ" என்றாள்.

துரை திகைத்தார். நான் முறை வழக்கத்தை, அன்றே சொல்லியிருக்க வேண்டியதை, ஒன்று விடாமல் சொன்னேன். சுப்பராயலு நாகம்மாளைக் கரையேற்றியதையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. வெட்கப்பட்டார், நிஜமாகவே வெட்கப்பட்டார். தவறு என்றால் திருத்துவதுதான் என் படிப்பு என்றார். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து வைத்தார். "சரியானதைச் சொல். இன்றே அதிகாரிக்கு எழுதுகிறேன். அந்தத் தண்ணீர் யாருடையது?"

"இன்னிக்கா, நாளைக்கா?"

"என்றைக்குமாக."

"என்னிக்கும்னு ஒருத்தன் இல்லியே."

"அப்படியானால் ஊருடையது என்று வைத்துக்கொள்வோம். ஊர் சார்பில் யார்? ஒரு பெயர் வேண்டும்."

"ஒரு பேரு எழுதினதும் எங்க வூட்டாரு இன்னா ஆனாருன்னு கேட்டியே தொரெ. இன்னொருத்தன் ஆவ மாட்டானா? பேரே வாணாம், வுட்டுடு."

துரை பேனாவைச் சுழற்றினார். பெயர் இல்லாத தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லாதது என்று ஆகிவிடும் என்றார். சொந்தக்காரன் இல்லாததெல்லாம் சட்டப்படி கோட்டையைச் சேரும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவருக்கே அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் பேனாவை மையில் தோய்த்தார். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லுங்கள் என்று என்னைப் பார்த்தார்.

நான் குப்பம்மாவுக்கு இதைத் தமிழில் சொன்னேன். அவள் யோசித்தாள். வெளியே யாரோ இருமினார்கள். துரையின் பேனா தாளுக்கு மேல் நின்றது. எப்படியாவது இதை முடித்துவிட வேண்டும். ஊர்ப் பெரியதனக்காரர் அங்கமுத்து இருக்கிறார். நியாயஸ்தர், வயதானவர், அவர் பெயரைப் போட்டால் கோட்டைக்குப் போகாமலாவது தப்பும். அவள் பேசாமல் நிற்கிறாளே, அவளுக்காக நான் சொன்னால் என்ன என்று தோன்றியது. அவள் சொன்னதாகவே சொல்லிவிடலாம். துரைக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கு ஒல்லாந்து தெரியாது.

அவள் ஒரு பெயரும் சொல்லாதபோதே நான் துரையின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன்.

குப்பம்மா இரண்டே எட்டில் வந்து என் வாயைப் பொத்தினாள். அவளைப் போன்றவர்கள் எங்களைப் போன்றவர்களைத் தொடுவதில்லை. துரை எழுந்து நின்றுவிட்டார். வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். சொரசொரத்த உள்ளங்கை, இறால் நாற்றம். என் கண்ணையே பார்த்துக்கொண்டு, நான் முகத்தைப் பின்னால் இழுக்க இழுக்க, அவள் இன்னும் இறுக்கமாகப் பொத்தினாள்.