தங்கச்சி எழுதாத பரீட்சை

அம்மை போட்டுத் தங்கச்சிக்கு இரண்டு கண்ணும் போனபோது அவளுக்கு நாலு வயது. நான் அவளைவிட மூன்று வயது பெரியவள். பென்னலூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அம்மா கூட்டிப்போனாள். "கண்ணு தெரியாத பிள்ளைய வெச்சுக்கினு நான் இன்னாம்மா பண்ணட்டும்?" என்று வாத்தியார் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதனால் நானே சொல்லிக்கொடுத்தேன். சாயங்காலம் அவள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பாள், நான் பாடப் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பேன். ஒரு தடவை கேட்டால் போதும் அவளுக்கு. வாய்ப்பாட்டுக்கு உரித்த கடலையையே எண்ணுவாள். பாலாறு ஓடுகிற வழியை அவள் உள்ளங்கையில் விரலால் இழுத்துக் காட்டுவேன். "கூசுதுக்கா. ஆனா நிறுத்தாத, கடல் வரைக்கும் போ" என்பாள். நான் எட்டாவது பாஸ் பண்ணியதே அவளால்தான். என் பாடத்தை எனக்கே ஒப்பித்துக் காட்டுவாள்.

எட்டாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதை மட்டும் நான் நிறுத்தவில்லை. மூன்று வருஷம் போனது. புதிதாக வந்த ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே வந்து அவளிடம் கேள்வி கேட்டுப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துல சேராமலே தனியா எட்டாவது பரீட்சை எழுதட்டும். அவ சொல்லச் சொல்ல நீ எழுது. நான் பேசி வெக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து தங்கச்சி தூக்கத்தில்கூடப் பாடம் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் எனக்கு சுங்குவார்சத்திரத்திலிருந்து வரன் வந்தது. பெண் பார்க்க வந்த அன்று அவளை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தங்கச்சி ஒருத்தி இருப்பதையே யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பரீட்சை ஸ்ரீபெரும்புதூரில். அன்று காலையில் நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது அப்பா வந்தார்.

"நீ போவ வேணாம். மாப்பிள்ள வூட்டு ஜனம் பஸ்ஸுல போயிட்டு வந்துகினு இருக்கும். அவள கைய புடிச்சிக்கினு நீ போறத பாத்தா?"

நான் அழுதிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். சீப்பைக் கீழே வைத்தேன். எனக்கும் அந்தக் கல்யாணம் வேண்டியிருந்தது.

தங்கச்சி பாவாடை தாவணி கட்டி வாசலில் தயாராக நின்றாள். "அக்கா, பஸ்ஸு வர நேரமாச்சு."

"பரீட்சைய தள்ளி வெச்சுட்டாங்களாம்" என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள் எதிர்வீட்டுப் பெண், அதே பரீட்சைக்குப் போகிறவள், "பஸ் வந்துடுச்சும்மா, நான் போறேன்" என்று கத்திக்கொண்டு ஓடினாள். தங்கச்சி முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். பஸ் கிளம்பிப் போகிற சத்தம் அடங்கும்வரை அப்படியே நின்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கல்யாணமாகி ஒரு மாதத்தில் என் வீட்டுக்காரருக்குத் தங்கச்சி விஷயம் தெரிந்தது. "இத மறைக்கறதுக்கு இன்னா கீது?" என்றார். அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

அடுத்த தடவை அம்மா வீட்டுக்குப் போனபோது புத்தகம் எடுத்துப்போனேன். பிரித்த சத்தம் கேட்டதுமே அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"வேணாங்கா. எனக்குக் கேட்டா மறக்கவே மாட்டேங்குது. வெச்சுக்கினு இன்னா பண்றது?"

முப்பத்திரண்டு வயதில் மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். அந்தக் காலையைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.