டவர் கிடைக்காத இடம்

பவுனு அக்கா நிம்மதியாக இருந்த ஒரே இடத்தைக் கண்டுபிடித்து அடைத்தவன் நான். அதற்குக் கல்லூரி ஆண்டு விழாவில் எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். அது இன்னும் அல்லிநகரத்தில் எங்கள் வீட்டு டிவி மேல் உட்கார்ந்திருக்கிறது. அம்மா அதைத் துடைக்கச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

2008இல் மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். அன்றாட வாழ்க்கைக்குக் கை கொடுக்கும் கருவிகள் செய்வதுதான் எங்கள் திட்டம். நாங்கள் செய்தது ஒரு பட்டன். படுத்த படுக்கையாக இருப்பவரின் கழுத்தில் அது தொங்கும். அமுக்கினால், கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டி வீட்டு ஆளின் செல்போனைக் கூப்பிடும். படுத்தபடியே பேசலாம். செல்போனும் சிம்மும் நாங்களே தருவோம். எத்தனை தடவை அமுக்கினார்கள் என்ற கணக்கு எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். சோதித்துப் பார்க்கப் பத்து வீடுகள் தேவைப்பட்டன. நான் தேனிக்காரன் என்பதால் கம்பம் பக்கத்து வீடுகள் என் தலையில் விழுந்தன.

அதில் ஒன்று சுருளிப்பட்டியில் பவுனு அக்கா வீடு. அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் புருஷன் சங்கிலி தென்னை மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் நாலு வருஷமாகக் கிடந்தார். வீடு ஒரே அறை. அதில் பாதியைக் கட்டிலே பிடித்துக்கொண்டது. அடுத்த வீட்டில் சங்கிலியின் தங்கை வேல்விழி இருந்ததால், மதியச் சோற்றுக்கும் மற்றதற்கும் குறைவில்லை. அக்கா திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போய்வந்தார்.

பட்டனை மாட்டிய முதல் மாதக் கணக்கைப் பார்த்துப் பேராசிரியர் சங்கரலிங்கம் பூரித்துப்போனார்.

"ஒரு நாளைக்கு இருபத்தாறு தடவைப்பா! அந்த வீட்டுக்கு இது எவ்வளவு தேவையா இருந்திருக்கு பாரு."

மாதம் ஒருமுறை பதினெட்டுக் கேள்விகள் அச்சடித்த தாளோடு நான் போவேன். கட்டில் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். அந்த வீட்டில் உட்கார வேறு இடமும் இல்லை.

"இந்தக் கருவி உங்களுக்கு உதவியா இருக்காக்கா?"

அக்கா கட்டிலைப் பார்ப்பார். "இருக்கு தம்பி."

"ஏதாவது சிரமம்?"

"ஒண்ணுமில்ல தம்பி."

"இது வந்த பெறகுதான் எனக்கு உசுரே வந்துச்சு" என்பார் சங்கிலி. சொல்லும்போது பட்டனைக் கைக்குள் பொத்தி வைத்திருப்பார். நான் சந்தோஷமாக டிக் அடிப்பேன். பேச வேண்டிய ஆளை, பேச முடியாத இடத்தில் வைத்துக் கேள்வி கேட்கிறோம் என்று எங்கள் ஆய்வுக் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாலாவது மாதம் கணக்கு உதைத்தது. காலை பத்திலிருந்து சாயங்காலம் வரை ஒரு அழைப்பும் போய்ச் சேரவில்லை. பேராசிரியர் பதறி என்னை விரட்டினார். பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன், பழுதில்லை. செல்போனும் நன்றாக இருந்தது.

"அக்கா, இப்ப வேலைக்கு எங்கன போறீக?"

அக்கா பதில் சொல்லக் கொஞ்சம் யோசித்தார். "லோயர் கேம்ப் பக்கம். மொளகுக் கொடி நர்சரிக்கு."

எனக்குப் பொறி தட்டிவிட்டது. அங்கே மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். அந்த நர்சரியில் செல்போன் கேரள டவரைப் பிடித்துக்கொள்கிறது. நாங்கள் கொடுத்த சிம்முக்கு ரோமிங்கில் அழைப்பு வராது. அவ்வளவுதான் விஷயம். இதைப் பெருமையோடு இரண்டு பேருக்கும் விளக்கினேன்.

"அதானே!" என்றார் சங்கிலி. "இவ வேணுமின்னே எடுக்கலையோன்னு நெனச்சு மனசு கெடந்து அடிச்சுக்கிருச்சு தம்பி." அவர் கண் கலங்கிவிட்டது.

அக்கா காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். குழாயில் தண்ணீர் வரும் நேரமில்லை அது. அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

லோயர் கேம்பில் தமிழ்நாட்டு டவர் உள்ள வேறு கம்பெனி சிம்மை வாங்கிப் போட்டு, மறுநாள் சோதிக்க அக்காவோடு நானும் பஸ் ஏறினேன்.

கூடலூர் தாண்டியதும் அக்கா வேறு ஆளாகிவிட்டார். நர்சரியில் பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா போய் உட்கார்ந்ததும் அந்தக் கூட்டமே கலகலத்தது. மேஸ்திரி அம்மாவாசி நடப்பதுபோல் உட்கார்ந்த இடத்திலிருந்தே தோளை ஆட்டிக் காட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாலு மாதமாக அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன். அக்காவின் சிரிப்புச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன்.

அப்போது செல்போன் அடித்தது.

"சொல்லுங்க... ம்... இங்கனதான் இருக்கேன்... ஒண்ணுமில்லையா? சரி."

"என்னக்கா?"

"கேக்குதான்னு பாத்தாகளாம்."

மதியச் சோற்றுக்குள் ஏழு தடவை அடித்தது. அக்கா பேசும்போதெல்லாம் மற்ற பெண்களும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பிறகு அக்கா தூக்குவாளியோடு தனியாகப் போய்க் கால்வாய்க் கரையில் உட்கார்ந்தார். நானும் போனேன். அங்கேதான் அக்கா சொன்னார்.

திராட்சைத் தோட்டத்தில் ஒரு நிரைக்கு, அதாவது ஒரு வரிசைக் கொடிக்கு, ரெண்டு ரெண்டு பேராகத்தான் பிடிப்பார்கள். ஒருத்தி குலையை வெட்டினால், மற்றவள் அழுகல் பழத்தைக் கழித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். ஒருத்தி எழுந்து போனால் மற்றவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஃபேனைத் திருப்பி வை, தலையணையைச் சரிபண்ணு, எங்கன இருக்க என்று பட்டன் கூப்பிடக் கூப்பிட அக்கா வீட்டுக்கு ஓடினார். கடைசியில் அவரோடு நிரை பிடிக்க ஆளே வரவில்லை. வேலை போயிற்று. அதன் பிறகுதான் இந்த நர்சரி.

"மொத நாளு போன் அடிக்கவேயில்ல தம்பி. போட்டுப் பாத்தேன், போகல. இங்கன டவர் இல்லைன்னு கூட வேல பாக்கறவுக சொன்னாக. இந்தப் பட்டன் வந்த பெறகு அன்னைக்குத்தான் வயிறு நெறையாச் சோறு தின்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"எங்கன வச்சுச் சொல்ல? நீங்க கேட்டப்பல்லாம் அவுக பக்கத்துலதான இருந்தாக. அவுகளுக்கு முன்னால எப்படிச் சொல்ல?"

சட்டைப் பையில் பழைய சிம் இருந்தது. எடுத்து நீட்டினேன். "இதையே மாட்டிருவோம்க்கா. இங்க டவர் சரிவராதுன்னு நான் எழுதிக் குடுத்துர்றேன்."

அக்கா அதை வாங்கவில்லை.

"அப்பக் கேக்காம இருந்தது டவரு பண்ணுன வேலை. இப்ப மாத்துனா நான் பண்ணுனதா ஆகிரும். அங்கன அந்த மனுசன் அமுக்கிக்கிட்டே கெடக்காகன்னு தெரிஞ்சுக்கிட்டு, இங்கன எனக்குச் சோறு எறங்குமா?"

செல்போன் அடித்தது. அக்கா பாதிச் சோற்றோடு வாளியை மூடினார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"கேக்குது," என்றார். "நல்லாக் கேக்குது."