கண்ணுள்ளது எதுவும் போகாத சட்டி

என் தங்கச்சியின் கணவன் மீன் யாவாரி. சின்ன வயதிலிருந்து என்னோடு மன்னாரில் ஒன்றாகத் திரிந்தவன் என்பதால் 'அவன்' என்றே எழுதுகிறேன். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது உடுத்த உடுப்போடு வந்து புத்தளத்தில் இறங்கினோம். நான் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அவன் சைக்கிளில் மீன்பெட்டி கட்டினான், பிறகு மோட்டார் சைக்கிளில் கட்டினான். யுத்தம் முடிந்து சில வருடம் போன பிறகு ஒரு நாள், பெட்டியை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்தார்கள். அந்தப் பத்து நாளும் என் தங்கச்சி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவன் நான். எண்ணெயில் பொரித்தது வேண்டாம், மாட்டிறைச்சி வேண்டாம், கருவாடு வேண்டாம், உப்பைக் குறையுங்கள். அவ்வளவுதான் சொன்னார்.

வீடு வந்து சேர்வதற்குள் தங்கச்சியின் கணக்கில் மீன், இறால், நண்டு, கோழி, முட்டை எல்லாம் சேர்ந்துவிட்டன. "கண்ணுள்ளது எதுவும் இனி இந்த வீட்டுச் சட்டிக்குள்ள போகாது" என்றாள். முட்டைக்கு ஏது கண் என்று கேட்டேன். அண்ணனை எங்களில் நானா என்பார்கள். "நானா, நீங்க சும்மா இருங்க" என்றாள். சும்மா இருந்தேன்.

நாலு மாதம் அவன் அவித்த மரக்கறி சாப்பிட்டான். சம்பல் இல்லை, பொரியல் இல்லை, உப்பு இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்க்கும் அளவில் உப்பு. காலையில் வேறு யாவாரிகள் ஹோன் அடித்துக்கொண்டு போகும்போது கேற்றடிக்குப் போய் விலை மட்டும் விசாரித்துவிட்டு வருவான். பிறகு ஒரு நாள், "ஆலங்குடாவுல மூணு நாள் கடலைப் பார்த்துக்கொண்டு கிடந்துட்டு வாறேன்" என்றான். கூடாரம் அடித்துத் தங்குவதாம். சுற்றுலாக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்களாம்.

"முகாம்ல கிடந்தது காணாதா?" என்று தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்விதான். அவர்களின் மூத்த மகள் பிறந்ததே அகதி முகாமில், கிடுகுக் கொட்டிலுக்குள்.

"அது எங்களைப் போட்டு வச்ச முகாம். இது நாங்களாப் போற முகாம்" என்றான் அவன்.

கடைசியில் ஒத்துக்கொண்டாள். நானும் போக வேண்டும், நான்தான் சமைக்க வேண்டும், சட்டிக்குள் மரத்தில் காய்ப்பதும் மண்ணில் விளைவதும் மட்டும்தான் போக வேண்டும். "ஒரு மீன்முள்ளும் அவர்ர வாய்க்குப் போகாதெண்டு வல்லாஹி சொல்லுங்க" என்றாள். அல்லாஹ் மேல் ஆணையென்று சொல்வது எங்களில் லேசான காரியமில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். சொன்னேன்.

புறப்படும் காலையில் அவள் அவசர அவசரமாகக் காய்ந்த செத்தல் மிளகாய் இடித்து ஒரு போத்தலில் அடைத்துத் தந்தாள். வெளியில் போய்க் கிடக்கும்போதாவது வாய்க்கு உறைப்பாக ஏதாவது வேண்டும்தானே என்றாள். நாலு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் இடித்த முதல் சம்பல் அது.

ஆலங்குடாக் கடற்கரையில் நாங்கள் போன மாதத்தில் காற்றுக்கு வேலை அதிகம். கூடாரத்தைக் கட்டுவதற்கே இரண்டு மணித்தியாலம் போனது. மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினால் நெருப்பு சட்டிக்குக் கீழே நிற்காமல் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்துப் போகிறது. கடைசியில் மணலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, அதற்குள் அடுப்பை இறக்கினேன். அதற்குப் பிறகு சமையல் லேசு. பருப்பைக் கழுவி, மஞ்சள், வெங்காயம், உள்ளிப்பூண்டு, பச்சை மிளகாய் எல்லாம் ஒரேயடியாகப் போட்டு மூடிவிட வேண்டியதுதான். பருப்பு அவிந்து உடைந்ததும் முருங்கை இலையை உருவிப் போட்டு இறக்கினேன். வற்றாளைக் கிழங்கைத் தணலுக்குள் புதைத்தேன். தேங்காய்ப்பூவும் மாவும் பிசைந்து ரொட்டி சுட்டேன். போத்தலிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து, வெங்காயம் அரிந்து போட்டு, தேசிக்காய் பிழிந்தால் சம்பல். எல்லாவற்றிலும் கொஞ்சம் மணலும் இருந்தது. மணலுக்குக் கண் இல்லை, அதனால் அனுமதி உண்டு.

உப்பைப் பாதியாகக் குறைத்தேன். இருபது வருடத்துக்கு மேலாக உப்பு வாரிய கை, கிள்ளிப் போடுவதற்குக் கொஞ்சம் கஷ்டப்பட்டது.

முதல் நாளே சோதனை வந்தது. மீனவர்கள் கரையில் நின்று கரைவலை இழுத்தார்கள். கரைவலையில் கயிற்றைத் தொட்டவனுக்குக் கறிக்கு மீன் கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள். அவன் பாரம் இழுக்கக் கூடாதென்பது தங்கச்சியின் இன்னொரு கட்டளை. நான் தடுப்பதற்குள் எழும்பிப் போய்க் கயிற்றின் மேல் சும்மா கையை வைத்துக்கொண்டு நின்றான். வலை ஏறியதும் அவனுக்கும் இரண்டு பாரைக் குட்டி கொடுத்தார்கள். செவுளைத் திறந்து பார்த்தான். "நல்ல மீன்" என்றான். பிறகு, "எனக்கு ஆகாது. புள்ளைகளுக்குக் கொண்டு போங்க" என்று வலைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து என் பருப்புச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். தங்கச்சியிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று ஐந்து ரொட்டி சாப்பிட்டான். சம்பலை மூன்று தரம் கேட்டு வாங்கினான். கடல் காற்று பசியைக் கிளப்பும் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் பகல், பக்கத்தில் கூடாரம் அடித்திருந்த வெள்ளைக்காரச் சோடி வந்து நின்றது. காற்றில் பட்டம் கட்டி, பலகையில் நின்று கடலில் ஓடுகிறவர்கள். இருபத்தைந்து வயது இருக்கும். அவர்களின் காஸ் அடுப்பு காற்றில் பற்றவில்லை, எங்கள் குழியடுப்பில் தண்ணீர் கொதிக்க வைக்கலாமா என்று கையால் கேட்டார்கள். அவன் முழு மனதோடு சாப்பாட்டுக்கே கூப்பிட்டான். அந்தப் பெண் எங்கேயோ பாடமாக்கி வைத்திருந்த சிங்களத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாள்: மாலு எப்பா, மஸ் எப்பா, பித்தர எப்பா. மீன் வேண்டாம், இறைச்சி வேண்டாம், முட்டை வேண்டாம்.

அவன் முகம் மாறிவிட்டது. "இது என்ட லிஸ்ட் மச்சான்" என்றான்.

"அவங்கள்ல சில பேர் அப்படித்தானாம். விருப்பத்துல தின்றதில்லையாம்" என்றேன். உப்பளத்தில் யாரோ சொல்லிக் கேட்டது.

"கடலோரம் வந்து நிண்டு மீன் வேணாமெண்டு எவன் விருப்பத்துல சொல்லுவான்?" என்றான். எழும்பி அந்தப் பையனுக்கு முன்னால் போய், தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டி, உனக்குமா என்பது போலத் தலையை ஆட்டினான். பையன் அதை ஏதோ மரியாதை என்று எடுத்துக்கொண்டு, தானும் நெஞ்சில் கையை வைத்துக் குனிந்தான். அவ்வளவுதான், உறுதியாகிவிட்டது. இவன் தன் மருந்துக் குளிசை அட்டையை எடுத்துக் காட்டினான். அந்தப் பெண் பயந்துபோய் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். "மருந்தையும் விட்டுட்டாங்க" என்று என்னிடம் சொன்னான். "ரெண்டு பேருக்குமா? இந்த வயசுலயா?" உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது.

சாப்பாடு பரிமாறினேன். ரொட்டி வைத்தேன், பருப்பு ஊற்றினேன், கிழங்கின் தோலை உரித்து வைத்தேன். அந்தப் பெண்ணின் தட்டில் சம்பலை வைக்கக் கையை நீட்டியபோது, அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அதை வைக்காதே."

"உறைக்குமா?"

"மாசி கிடக்கு."

மாசி என்பது சூரை மீனை அவித்து, புகையிலும் வெயிலிலும் விறகுக்கட்டை மாதிரி காய வைத்தது. இடித்தால் தூள். எங்கள் வீடுகளில் அதை யாரும் மீன் என்று நினைப்பதில்லை. மிளகாய், மஞ்சள் டின்களோடு அதன் டின்னும் ஒரே பலகைத் தட்டில் நிற்கும். கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். மாசிதான். இரண்டு நாளாக நானும் தின்றிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. சம்பலில் மாசி இல்லாவிட்டால்தான் எங்கள் நாக்குக்குத் தெரியும்.

அவர்கள் சாப்பிட்டு, நன்றி சொல்லிப் போகும்வரை பொறுத்திருந்தேன். பிறகு கேட்டேன். "உனக்கு எப்ப தெரியும்?"

"மொதல் வாயிலயே."

"தெரிஞ்சா தின்டாய்? நான் வல்லாஹி சொல்லிட்டு வந்திருக்கன். உனக்கு ஏதும் ஆனா நான் எந்த முகத்தோட அவளுக்கு முன்னால போய் நிக்கிற? அந்தப் புள்ளைகளுக்கு ஆகாதெண்டு கையைப் பிடிக்கத் தெரியுது, உனக்குத் தெரியல்லியா?"

"அதுகள் சின்னப் புள்ளைகள் மச்சான்" என்றான். "அவ பழக்கத்துல போட்டிரிக்கா. அவட கை அது. நாலு மாசத்துக்குப் பொறகு அவட கையால வந்திச்சு. நான் எப்படிச் சொல்லுற? சொன்னா, தானே எனக்கு நஞ்சு வச்ச மாதிரி நினைச்சி உடைஞ்சி போவா. நீயும் சொல்லாதே."

எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு கரண்டிச் சம்பலில் என்ன ஆகிவிடும் என்று அறிவு சொன்னது. ஆனாலும் அவன் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போத்தலை என் பைக்குள் அடியில் போட்டேன். மறுநாள் அவன் அதைக் கேட்கவில்லை. சாப்பிடும்போது ஒரு தடவை மட்டும் அது இருந்த இடத்துக்குக் கை போய்த் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு என்னை. "மீன் குடுத்தாங்க. வாங்கல்ல" என்றேன். அது உண்மை. அவள் என் பையிலிருந்து சட்டிகளை எடுத்து வைத்தாள். போத்தலும் வந்தது.

"மிச்சம் இரிக்கே. நல்லா இல்லியா?"

உப்புக் கூடிப்போய்விட்டதோ என்று நினைத்திருப்பாள். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். அப்படியே நின்றாள்.

"எத்தனை நாள் தின்டீங்க?" என்று அவனிடம் கேட்டாள்.

"ரெண்டு நாள்" என்றான் அவன். "நல்லா இருந்திச்சு."

தங்கச்சி அடுப்புக்கு முன்னால் குசினி நிலத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். ஆஸ்பத்திரியில் அழாத பத்து நாளும் சேர்ந்து வந்தது. அவன் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்துகொண்டான். நான் சட்டிகளில் ஒட்டியிருந்த மணலைக் கழுவினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து நான் அங்கே போனபோது அவள் உரலுக்கு முன்னால் இருந்தாள். மிளகாய் உள்ளே கிடந்தது. மாசி டின் மடியில் இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்தாள், பார்த்தாள், பாதியைத் திருப்பிப் போட்டாள். மிச்சத்திலும் பாதியைத் திருப்பிப் போட்டாள். விரல் நுனியில் ஒட்டியிருந்தது மட்டும்தான் மிஞ்சியது.

"டொக்டர் மாசி எண்டு சொல்லல்லதானே நானா?"

"சொல்லல்ல."

"வல்லாஹி சொல்லுங்க."

சொன்னேன். அவள் விரலை உரலுக்கு மேலே பிடித்து, மெதுவாகத் தட்டினாள்.