மழை பெய்த காலையில் கிடைத்த வீடு: மெந்தகாப்பிலிருந்து கேமரன் மலைக்கு

பகாங்கில் குடியிருக்க எந்தப் பக்கம் நல்லது என்று போன பதிவின் கீழே மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். ஒருவர் வேலை ஓய்வுக்குப் பிறகு வரப்போகிறாராம், குளிர் வேண்டுமாம். இதே கேள்வியை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு 1984 டிசம்பரில் நானும் ஒரு பயணம் போனேன். உங்களுக்கு அது ஆசை. எங்களுக்கு அப்போது வேறு வழியில்லை.

மெந்தகாப்புக்கு ஆறு மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். ரப்பர் பால் நிறுக்கும் ஸ்டோரில் என் வீட்டுக்காரருக்கு வேலை. தோட்டம் கைமாறியது. புதிதாக வந்தவர்கள் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போடப் போகிறோம் என்றார்கள். ஜனவரி கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகள் மலருக்கு நாலு வயது. எனக்கு இருபத்தாறு. போக இரண்டு இடம் இருந்தது. குவாந்தானில் என் அண்ணன் பலகைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான், அங்கே இடம் பார்த்துத் தருகிறேன் என்றான். கேமரன் மலையில், ரிங்லெட்டுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுத்து எழுதும் கிராணி வேலை காலியாக இருந்தது. அங்கே கொழுந்து பறிக்கும் பாக்கியம் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகள், எனக்கு அண்ணி முறை. புதன்கிழமை காலை துரை, அதாவது தோட்ட மேனேஜர், நேரில் பார்ப்பார், ஆள் பிடித்திருந்தால் வேலை, வேலையோடு வீடு.

என் குணம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு கத்தரிக்காய் வாங்கவே நாலு கடை ஏறி இறங்குவேன். நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்: மெந்தகாப், குவாந்தான், மலை. ஓரத்தில் தண்ணீர், டாக்டர், பள்ளிக்கூடம், மீன், துணி, பக்கத்து வீடு என்று எழுதினேன். "இடம் பாக்கப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?" என்று அவர் சிரித்தார். சிரித்துவிட்டுப் பென்சிலையும் அவர்தான் சீவிக் கொடுத்தார்.

குவாந்தானைப் பற்றி இரண்டே வரி. பெரிய ஆஸ்பத்திரி, நல்ல மீன், கையெட்டும் தூரத்தில் பள்ளிக்கூடம். ஆனால் ஒரே குழாய்க்கு ஒன்பது குடும்பம், நாங்கள் போன அன்று முழங்கால் அளவு தண்ணீர், வீட்டுக்கு வாடகை வேறு. அங்கே இரண்டு நாளும் மழை. அவர் இரண்டு நாளும் காலை ஒன்பது வரை தூங்கினார். ரப்பர் காட்டில் வளர்ந்தவர். மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது, அன்றைக்குச் சம்பளமும் கிடையாது. விடியற்காலை கூரையில் மழைச் சத்தம் கேட்டால் எங்கள் லைன், வரிசை வீடுகள் முழுக்கத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். ஸ்டோர் ஆளும் அப்படித்தான், பால் வராத நாளில் எதை நிறுப்பது?

செவ்வாய்க்கிழமை மலைக்குக் கிளம்பினோம். வேடிக்கை என்னவென்றால், மெந்தகாப்பும் பகாங், கேமரன் மலையும் பகாங். ஆனால் அந்தக் காலத்தில் நேரே போக ரோடு இல்லை. பகாங்கை விட்டு வெளியேறி, கோலாலம்பூர் போய், பேராவுக்குள் நுழைந்து, தாப்பாவில் மலையேறித்தான் மறுபடி பகாங்குக்குள் வர முடியும். காலை 6.30க்கு மெந்தகாப்பில் பஸ், கோலாலம்பூருக்கு 9.10. பத்து மணி பஸ்ஸில் தாப்பா போய்ச் சேர மதியம் ஒரு மணி. அங்கே ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய். 2.15க்கு மலை பஸ். ரிங்லெட்டுக்கு 46 கிலோமீட்டர், ஆளுக்கு இரண்டு வெள்ளி அறுபது காசு, மலருக்கு டிக்கெட் கேட்கவில்லை. வளைவுகளை இருபத்தேழு வரை எண்ணினேன். அதற்குப் பிறகு மலர் வாந்தி எடுத்தாள், எண்ணிக்கை விட்டுப்போனது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மொத தடவையா? சன்னல தொறந்து வைங்க, காத்து பட்டா சரியாயிடும். கோபெங்காரங்க, ஈப்போகாரங்க எல்லாம் இப்படித்தான்லா" என்றார்.

"நாங்க மெந்தகாப்புங்க. இந்த ஸ்டேட்டேதான்," என்றேன், கொஞ்சம் ரோஷமாக.

"ஸ்டேட்டு ஒண்ணுதான், வயிறு வேற," என்றார்.

ரிங்லெட்டில் இறங்கும்போது மணி நாலு. லெம்பா பெர்த்தாமிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி ஒன்று தோட்டத்து வாசல் வரை எங்களை ஏற்றிக்கொண்டது. காசு வாங்கவில்லை, மலர் கையில் இரண்டு கேரட் வேறு. இறங்கியதும் முதல் வேலையாக நோட்டை எடுத்தேன். பாக்கியம் அண்ணி கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்காமலே சிரித்தார். "வா சரசு. வந்ததும் வராததுமா என்ன எழுத்து?"

ஒரு மணி நேரத்தில் லைனைச் சுற்றிவிட்டேன். தண்ணீர் வீட்டுக்கு வீடு, பல் கூசும் அளவு குளிர்ச்சி. ஆறாம் வகுப்பு வரை தோட்டத்திலேயே தமிழ்ப்பள்ளி, அதற்கு மேல் தானா ராத்தாவுக்குத் தோட்டத்து லோரி. காய்கறிக்குக் குறைவில்லை, மீன் மட்டும் கண்ணில் படவில்லை. இரவு தங்க அண்ணி காலி லைன் வீடு ஒன்றைக் காட்டினார், பக்கத்து வீட்டம்மா கேட்காமலே ஒரு போர்வை கொண்டுவந்தார். மலையைப் பற்றி ஒரு வார்த்தை: அழகு. நான் எழுதியது அவ்வளவுதான், அழகுக்கு என் நோட்டில் கட்டம் இல்லை.

வாந்தியான மலர் கவுனைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். தொட்டுப் பார்த்த அண்ணி, "இங்க போட்டா பொங்கலுக்குத்தான் காயும். ஃபேக்டரி பின்னால கொண்டு போ. தூளு காய வைக்கிற அடுப்பு சுவரு எப்பவும் சூடா இருக்கும். கைக்கொழந்தக்காரங்க எல்லாம் அங்கதான் போடுவாங்க" என்றார். போனேன். நீளமான சுவர், பத்துப் பன்னிரண்டு குழந்தைத் துணிகள், தேயிலை வாசம். கவுனைப் போட்டுவிட்டு நோட்டில் மலைக்கு நேரே "துணி காயவில்லை" என்று எழுதினேன். தோட்டத்து ஆட்கள் இதைப் படித்தால் என்ன நினைப்பார்கள் என்று கூட யோசிக்கவில்லை.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கு நல்ல மழை. பெரட்டு ஆறரைக்கு, ஆட்களைக் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் நேரம் அது. துரை அங்கேதான் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார், கூரையைக் கேட்டார், "மழடி, பெரட்டு இருக்காது" என்றார், திரும்பிப் படுத்தார். நானும் அவரை எழுப்பவில்லை. நானும் அதே ரப்பர் காட்டில் பிறந்தவள்தானே, போர்வையை இழுத்துக்கொண்டேன்.

ஆறே காலுக்கு ஏதோ சரசரப்பு. சன்னலில் பார்த்தால் லைன் முழுக்கப் பெண்கள் இடுப்பில் பிளாஸ்டிக் தாள் சுற்றி, தலையில் சாக்கு போட்டு, கூடையோடு போய்க்கொண்டிருந்தார்கள். கொழுந்துக்கு மழை ஒரு பொருட்டே இல்லை, நனைந்தாலும் பறிப்பார்கள். இது மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை. அவரை உலுக்கினேன். முந்தின நாள் பஸ் அலைச்சல், "ம்" என்றார், அவ்வளவுதான். இனி அவர் எழுந்து, பல் துலக்கி, கால்சட்டை தேடிக் கிளம்பினால் ஏழு ஆகிவிடும். வேலை போனால் வீடும் போகும். மலரை அவர் பக்கத்தில் தள்ளிப் படுக்க வைத்துவிட்டு, நோட்டை முந்தானைக்குள் செருகிக்கொண்டு, சாக்கைப் போட்டு ஓடினேன்.

துரை என்றதும் வெள்ளைக்காரரை நினைக்காதீர்கள். ஈப்போ தமிழர், நாற்பது வயதுக்குள், மழைக்கோட்டுப் போட்டு நின்றிருந்தார். பக்கத்தில் வேலையை மேற்பார்க்கும் கங்காணி.

"யாரும்மா நீ? புது ஆளா?" என்றார் கங்காணி.

"எங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்கு வரச் சொல்லியிருந்தீங்க. கிராணி வேலைக்கு. அவரால கொஞ்சம் வர முடியல."

"ஒடம்புக்கு முடியலயா?" துரை கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. "தூங்குறாருங்க. நாங்க ரப்பர் காட்டு ஆளுங்க. மழ பெஞ்சா வேல இல்லன்னு நெனச்சுட்டோம்."

கூடையோடு நின்ற பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். பாக்கியம் அண்ணி மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார். துரையும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பேரு என்ன அவருக்கு?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். கல்யாணமாகி ஆறு வருஷம், அவர் பேரை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். "மலரு அப்பாங்க," என்றேன்.

"மலரு அப்பான்னு சம்பளச் செக்ரோல்ல எழுத முடியாதேம்மா."

நோட்டை எடுத்து, மழை படாமல் குனிந்து, தமிழிலும் மலாயிலும் அவர் பேரை எழுதி நீட்டினேன். துரை பேரைப் பார்த்தார். பிறகு அதே பக்கத்தில் மேலே இருந்த கட்டங்களைப் பார்த்தார். முதல் பக்கத்துக்குத் திருப்பினார். பெரட்டில் பேர் கூப்பிடுவது நின்றுபோனது.

"இது யாரு எழுதினது?"

"நாந்தாங்க."

"துணி காயவில்லை," என்று சத்தமாகப் படித்தார். எனக்கு வேலை, வீடு எல்லாம் போச்சு என்று தோன்றியது. "ஏம்மா, பாக்கியம் சொல்லுச்சே, அந்த ரப்பர் ஸ்டோர்ல எடை புக்க உன் வீட்டுக்காரருதான எழுதுனாரு?"

அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பொய் சொல்ல வேண்டும். கிராணி வேலை கிடைத்தாலும் அவர் கையெழுத்து எப்படியும் ஒரு நாள் வெளிப்படும். "நிறுக்கிறது அவருங்க. எடையில ஒரு அவுன்ஸ் தப்பாது. சாயங்காலம் புக்க வீட்டுக்கு எடுத்து வருவாரு, அழகா எழுதிக் குடுக்குறது நானு."

துரை நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். "அப்ப எழுதுற ஆளு நீதானே. ஒரு மாசம் பாப்போம். ஆறரைக்கு இங்க இருக்கணும், மழ பெஞ்சாலும். அவர ஃபேக்டரியில அடுப்புப் பக்கம் போடுறேன், அங்க ஆளு வேணும். வீட்ட உன் பேருல எழுதச் சொல்றேன்." இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த பேரைக் கூப்பிடப் போய்விட்டார்.

லைனுக்கு எப்படித் திரும்பினேன் என்று தெரியாது. சந்தோஷத்தை விடப் பயம்தான் அதிகம். அவருக்காக வந்த வேலையை நான் வாங்கிக்கொண்டு வருகிறேன், எந்த முகத்தோடு சொல்வது? அவர் எழுந்து மலருக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "மழ விட்டுருச்சா?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன், பெண்கள் சிரித்ததையும் சேர்த்து. அவர் மலர் சட்டைக்குப் பொத்தான் தப்பாகப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார். எனக்கு அழுகை வந்தது.

"அடுப்புப் பக்கம்னா," என்றார் கடைசியில், "அந்தச் சூடான சுவரு இருக்கே, அங்கயா?"

"ஆமா."

"அப்ப துணி நான் பாத்துக்குறேன். நோட்டுல அத அடிச்சுரு."

அந்த வீட்டில் பதினோரு வருஷம் இருந்தோம். மலையிலேயே திரிங்காப், கம்போங் ராஜா பக்கமெல்லாம் பிறகு போய்ப் பார்த்துவிட்டேன், அதற்கு வேறு பதிவு தேவை. இப்போது கேட்டவர்களுக்குச் சொல்வது இது. இன்று சிம்பாங் பூலாய் வழியும் சுங்கை கோயான் வழியும் வந்துவிட்டன, கோயான் வழியில் வந்தால் பகாங்கை விட்டு வெளியேற வேண்டியதில்லை. ஆனால் வளைவு எல்லாப் பக்கமும் வளைவுதான், வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். வெயில் நாளில் பார்த்து வீட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். இரண்டு இரவாவது தங்குங்கள், ஒரு சட்டையைத் துவைத்துப் போடுங்கள், காலை ஆறு மணிக்குச் சன்னலில் நின்று பாருங்கள். மழையில் அந்த ஊர் ஆட்கள் தூங்குகிறார்களா, கிளம்புகிறார்களா என்பது தெரிந்தால், அந்த வாழ்க்கை உங்களுக்கு ஒத்துவருமா என்று உங்களுக்கே தெரியும்.

பிப்ரவரியில் குடிவந்த முதல் வாரம், ஒரு விடியற்காலை கூரையில் தடதடவென்று மழை. நான் பழைய பழக்கத்தில் போர்வையை இழுத்தேன். ஒரு கை என் தோளை உலுக்கியது.

"சரசு, மழ பெய்யுது. எந்திரி, வேல இருக்கு."

தேத்தண்ணி ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.