சித்தப்பாவின் கம்ப்ரஸர்

எங்கள் சித்தப்பாவின் கை பட்டால், ஓடிக்கொண்டிருக்கும் எதுவும் நின்றுவிடும். நின்றுபோனது மட்டும் எப்படியோ ஓடத் தொடங்கிவிடும். வீட்டுக் கடிகாரத்தின் பக்கம் அவர் போகக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. ஆனால் எங்கள் வலியசாலைத் தெருவில் அடைத்துக்கொண்ட ஸ்டவ்வும் பஞ்சரான சைக்கிளும் அவரைத்தான் தேடி வரும். யுத்தகாலம் அது. புதுச் சாமான் எதுவும் கிடைக்காததால் பழைய இரும்புக்கு யோகம் அடித்திருந்தது.

அந்த வருஷம் நவராத்திரிக்குத் தங்கள் கொலுவில் சாவி கொடுத்தால் ஓடும் ரயில் வரப்போகிறது என்று எதிர்வீட்டுப் பெண் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கு வயது எட்டு, வாய்க்கு எண்பது. எங்கள் கொலுவில் நீரூற்று வரும், மேல்படி வரைக்கும் எழும்பும் என்று நானும் சொல்லிவைத்தேன். சொன்ன பிறகுதான் சித்தப்பாவிடம் போய் நின்றேன்.

"ஊத்து வேணும்னா காத்தைப் பிடிச்சு அடைக்கணமாக்கும். கம்ப்ரஸர் ஒண்ணு பண்ணிடலாம், கேட்டியோ," என்றார் அவர்.

கம்ப்ரஸராவது கத்தரிக்காயாவது என்றார் அப்பா. அதற்குள் சாமான்கள் சேர ஆரம்பித்துவிட்டன. உடைந்த சைக்கிள் பம்ப்பின் குழல், காற்றை அடைத்துவைக்க ஒட்டுமேல் ஒட்டுப் போட்ட லாரி ட்யூப், தண்ணீருக்கு மூடி இறுகிய ஒரு பழைய டின், ஊற்றின் வாய்க்கு ஸ்டவ் நிப்பிள். பம்ப்பை ஓயாமல் அடிப்பதற்கு அத்தையின் தையல் மிஷின் மிதியும் சக்கரமும்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான மறுவருஷமே கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்டவள். கூடவே வந்த மிஷின் துணி மூடி மூலையில் கிடந்தது. சித்தப்பா கேட்டதும் அவளே துணியை உருவிக் கொடுத்தாள்.

பம்ப்புக்குத் தோல் வாஷர் வேண்டும். கொலு வைக்கிற வீட்டில் மாட்டுத் தோலா என்று அப்பா தடுத்துவிட்டார். கோவிலில் அடிக்கிற மத்தளம் என்ன வாழைப்பட்டையா என்று சித்தப்பா முனகினாலும், அண்ணா சொல்லைத் தட்டவில்லை. பாக்குமரத்திலிருந்து கமுகம்பாளையை எடுத்து, வட்டமாக வெட்டித் தேங்காயெண்ணெயில் நாள்கணக்காக ஊறவைத்து மாட்டினார். காற்று ஒழுகிய இடமெல்லாம் பலாப்பிசின் அப்பினார்.

மிஷினை மிதிக்கத் தெரிந்தவள் அத்தை ஒருத்திதான். சித்தப்பா மிதித்தால் சக்கரம் பின்னோக்கிச் சுற்றும். கொலுவுக்குச் சுமங்கலிகள் வரும் சாயங்கால வேளையில் அத்தை கூடத்துக்கு வரமாட்டாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. ஆகவே மிஷினை உள்ளறையில் போட்டு, குழாயைக் கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்கு விட்டார்கள்.

முதல்நாள் எதிர்வீட்டு மாமி வெற்றிலை பாக்கு வாங்கக் குனிந்த நேரம், பொம்மைகளுக்கு நடுவே சர்ரென்று தண்ணீர் எழும்பியது. மாமி அலறினாள், கூடமே கைகொட்டிச் சிரித்தது. நான் அறைக்கும் கூடத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு ஒசரம்டீ?" என்றாள் அத்தை, மிதித்துக்கொண்டே.

"கிருஷ்ணர் தலை வரைக்கும் வந்துடுத்து அத்தை! இன்னும் மிதி!"

"செட்டியார் பொம்மை நனைஞ்சுதோ?"

"தொப்பலா!"

எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. எதிர்வீட்டு ரயிலைப் பற்றி அப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் தன் பள்ளிக்கூடத் தோழிகளைக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தது. பாளை வாஷர் கீறத் தொடங்கிவிட்டது, இன்னும் ஒரு தடவைதான் தாங்கும், வேறொன்று ஊறுவதற்குள் நவராத்திரியே முடிந்துவிடும் என்றார் சித்தப்பா. அந்த ஒரு தடவையை நான் பிராணனைப் போலக் காத்தேன். மிஷின் பக்கம் ஈ காக்கையை விடவில்லை.

மத்தியானம் கொலுவுக்கு அழைக்கத் தெருவைச் சுற்றிவிட்டு வந்தால், உள்ளே கடகடவென்று சத்தம். மிஷினில் சித்தப்பா! வேர்த்து விறுவிறுக்க மிதித்துக்கொண்டிருந்தார். சக்கரம் நேராகவே சுற்றியது. எப்போது பழகினாரோ தெரியாது. கூடத்துக்கு ஓடினேன். கொலுவுக்கு எதிரே அத்தை மட்டும் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் மேல்படியையும் தாண்டி எழும்பி, அவள் முகமெல்லாம் சிதறிற்று. அவள் துடைத்துக்கொள்ளவே இல்லை.

நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். சித்தப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. சற்றுப் பொறுத்துப் புஸ்ஸென்று ஒரு சத்தம். பாளை கிழிந்து, தண்ணீர் அடங்கிவிட்டது.

சாயங்காலம் என் மானம் கப்பலேறியது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஊற்று எங்கே என்றாள் எதிர்வீட்டுப் பெண். நான் அழுதுகொண்டே அத்தனை பேர் எதிரிலும் குற்றம் சாட்டினேன்.

"மத்தியானம் கூடத்துல ஆளே இல்லாதப்போ, சித்தப்பா எல்லாத்தையும் விட்டுத் தீர்த்துட்டார்!"

சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சித்தப்பாவின் இலையில் இன்னொரு கை சுண்டலை அள்ளிப் போட்டாள். உள்ளறையிலிருந்து அத்தையின் சிரிப்பு கேட்டது. அடக்கமாட்டாமல், வாய்விட்டு, கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்தாள். என் மானம் போனது இவளுக்குச் சிரிப்பாக இருக்கிறதே என்று எனக்கு ஒரே ஆத்திரம். அன்று ராத்திரி அவள் பிசைந்து கொடுத்த சாதத்தைத் தொடமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.